போர்டு ஒத்துக்கணும்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், முருகன் கோயிலுக்குப் பேர்போன வல்லக்கோட்டையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொழிற்சாலை மதில் தெரிகிறது. பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007 முதல் கணினி தயாரிக்கிறது. புதுச் சாமான் இவ்வளவு வெளியே போகும் வட்டாரத்தில், செத்த லேப்டாப் பேட்டரிக்குச் செல் மாற்றும் மேசைகளைப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது: இந்த வேலையில் இருக்கும் ஆபத்தில் பெரும்பங்கு, நல்ல செல்லும் போர்டின் சாவியும் தொழிலாளிக்குக் கிடைக்காததால் வருவது.

பழைய பேட்டரி பேக்கின் பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்தால் உள்ளே பெரும்பாலும் ஆறு செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால் 18650 என்று பெயர். இரண்டிரண்டாகச் சேர்த்த மூன்று ஜோடிகள் வரிசையில் நிற்கும். ஒரு ஜோடி படுத்தால் மொத்த பேக்கும் படுத்துவிடும். 2011 செப்டம்பரில் தொடங்கி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போன அரசின் விலையில்லா லேப்டாப்களில் எத்தனையோ இன்று பேட்டரி படுத்து, சார்ஜர் வயரில் கட்டிப்போட்ட மாதிரி ஓடுகின்றன. கெட்ட ஜோடியை மட்டும் மாற்றினால் போதாதா என்று வாடிக்கையாளர் கேட்பார். தெரிந்த தொழிலாளி மறுத்துவிடுவார். புதுசும் பழசும் கலந்தால் பழசு முதலில் காலியாகி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றினால் ஆறையும் மாற்ற வேண்டும். செல்லின் தலையில் ஈயம் வைத்து நேரம் எடுத்துச் சூடேற்றுவதும் ஆகாது, உள்ளே இருக்கும் சீல் கெடும். அதற்குத்தான் ஸ்பாட் வெல்டர். கெட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரில் மெல்லிய கம்பிச் சுற்றை அறுத்தெடுத்துவிட்டு, விரல் பருமன் கேபிளை இரண்டு சுற்று விட்டுச் செய்தது. வருவது இரண்டு மூன்று வோல்ட். பாய்வது நூற்றுக்கணக்கான ஆம்பியர். செம்பு முனை இரண்டையும் நிக்கல் பட்டைமேல் அழுத்திக் கால் சுவிட்சை மிதித்தால் ‘டக்’. பட்டையில் கடுகளவு இரண்டு புள்ளி விழும். பிடித்து இழுத்தால் பட்டை கிழியலாம், புள்ளி விடக்கூடாது. ஒரு நொடி அதிகம் மிதித்தால் செல்லின் தகட்டில் ஓட்டை.

இதெல்லாம் முடிந்தாலும் வேலை பாதிதான். ‘போர்டு ஒத்துக்கணும்’ என்பார்கள். பேக்கின் ஓரத்தில் இருக்கும் சிறு போர்டில் ஒரு சிப், எத்தனை முறை சார்ஜ் ஏறியது, கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. ஜோடிகளுக்குள் வோல்டேஜ் வித்தியாசம் எல்லை தாண்டினால், சில மாடல்களில் செல்லைக் கழற்றும்போது மின்சாரம் அறுந்தாலே, ‘நிரந்தரப் பழுது’ என்று பதிந்து பூட்டிக்கொள்ளும். சில போர்டுகள் தம் ஃபியூஸையே எரித்துவிடும். அப்புறம் ஆறும் புத்தம்புது செல்லாக இருந்தாலும் லேப்டாப் ஏற்காது. பூட்டைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கம்பெனிகள் தருவதில்லை, பாதுகாப்பாம். 2011-ல் சார்லி மில்லர் என்ற ஆய்வாளர் ஆப்பிள் லேப்டாப் பேட்டரிகளை ஆராய்ந்தபோது, சிப் செய்த நிறுவனம் தன் ஆவணத்தில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லே மாற்றப்படாமல் கிடந்தது. அந்த லட்சணப் பாதுகாப்பு, பழுது பார்ப்பவரைத் தடுக்க மட்டும் நன்றாகப் போதும்.

லித்தியம் செல்லோடு வீட்டில் விளையாடக் கூடாது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லில் உள்ளிருக்கும் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வீடியோ பார்த்துச் சமையல்கட்டில் செய்கிற வேலை இல்லை. ஆனால் கம்பெனி முத்திரை இருந்தால் பயமில்லை என்பதையும் நம்ப முடியவில்லை. 2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. சோனி தயாரித்த செல்களுக்குள் தயாரிப்பிலேயே உலோகத் துகள் புகுந்திருந்தது. மேசைக்கு வரும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. பெரிய செல் கம்பெனிகள் சில்லறை விற்பனைக்கு என்று செல் தருவதில்லை. அந்த இடைவெளியில் தரகர் நுழைகிறார். காயலான் கடைக்குப் போன பேக்கிலிருந்து உருவிய செல்லுக்குப் புது உறை மாட்டி கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார். நல்ல கம்பெனிச் செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் வரும். தராசு ஓரளவு காட்டிக்கொடுக்கும்: சுமார் 45 கிராம் இருக்க வேண்டியது மிகவும் குறைந்தால் சந்தேகப்படலாம். வெடித்தால் பழி மேசைக்காரருக்கு, லாபம் உறை மாட்டியவருக்கு. புது பேட்டரியே வாங்கலாமே என்றால், பழைய மாடலுக்கு ஒரிஜினல் கிடைப்பதில்லை. ஆன்லைனில் வரும் டூப்ளிகேட்டுக்குள் எந்தச் செல் இருக்கிறது என்பதும் இதே கேள்விதான்.

சட்டம் அடியோடு இல்லாமல் இல்லை. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பேட்டரியைப் புதுப்பிப்பவரையும் கணக்கில் எடுத்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதியச் சொல்கின்றன. ஒற்றை மேசைக்காரர் அந்தப் படிவத்தை நிரப்பி அவருக்கு என்ன கிடைக்கும்? பதிந்தவருக்குத் தரச்சான்றுள்ள செல்லும் போர்டைத் திறக்கும் சாவியும் விற்றே ஆக வேண்டும் என்றிருந்தால் அவரே தேடிப்போய்ப் பதிவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டம், பேட்டரி மாற்றுவதை மென்பொருளால் தடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. இங்கே தாமதித்தால் லேப்டாப்பைப் பொறுத்தவரை கேள்வியே காலாவதியாகிவிடும். மெல்லிய லேப்டாப்களில் உருளைச் செல் போய், பசை போட்டு ஒட்டிய தட்டைப் பவுச் செல் வந்துவிட்டது. அதன்மேல் இந்த வெல்டருக்கு வேலை குறைவு. வெல்டர் இப்போது மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும் நகர்கிறது. அங்கே ஒரு பேக்கில் ஆறு செல் இல்லை, ஸ்கூட்டரில் நூற்றுக்கு மேலும் இருக்கும்.