மணிக்கு இட்ட மதிப்பெண்

“நாயைப் பற்றிக் கட்டுரை எழுதுக” என்றால், “நாய் நன்றியுள்ள பிராணி” என்று தொடங்கிப் பத்து வரிகளை நம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விரைவில் எழுதி முடித்துவிடுவர். நோயுற்று எழ இயலாது கிடக்கும் நாய்க்கு நாம் செய்யவேண்டுவது யாது என்னும் வினா அப்பத்து வரிகளில் வருவதில்லை. சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் அவ்வினா நம் இல்லத்து வாயிலிலேயே வந்து நின்றது.

மணியை அறியாதவர் இத்தோட்டத்தில் இலர். பன்னிரண்டு ஆண்டுகட்குமுன் பள்ளிச் சாமான் அறையின் பின்புறம் பிறந்த குட்டிகளுள் அதுவும் ஒன்று. காலை மணி அடிக்குமுன்னரே பள்ளி வாயிலில் வந்து நின்றமையால் மாணவர்கள் சூட்டிய பெயர் அது. காட்டுப்பன்றியைத் துரத்தும் வீரமும், இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளியும் அச்சமும் அதனிடம் ஒருங்கே இருந்தன.

முதலில் நீரை மிகுதியாகக் குடிக்கலாயிற்று. பின்னர்ச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிற்று, வாந்தியும் கண்டது. பட்டணத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். இரத்தத்தைச் சோதித்த அவர், சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன என்றார். சிறுநீரகத்தின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்த பின்னரே நீர் மிகுதியாகக் குடித்தல் போன்ற அறிகுறிகள் வெளிப்படுமாம். அழிந்த பகுதி மீண்டும் வளராதாம். சில நாள் நரம்புவழி நீர் ஏற்றி இரத்தத்தில் தேங்கிய நச்சைக் குறைக்கலாம். பின்னர்ப் பத்திய உணவு கொடுத்து, தோலுக்கடியில் நீர் ஏற்றி வரலாம். அதனால் சில மாதங்கள் கிடைப்பினும் கிடைக்கும். ஒன்றும் கிடைக்காமற் போயினும் போகும். வலிக்கு மனிதர் உண்ணும் மாத்திரையைக் கொடுக்கவே வேண்டா, அவற்றுட் சில நாயின் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்றும் எச்சரித்தார். பெற்றோர்கள் இதனை நினைவிற் கொள்க.

செலவு நம் மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கு. பணத்தை எண்ணிப் பார்ப்பதே பாவம் என்பாரோடு நாம் உடன்படுவதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருப்பதை எடுத்துத்தான் செலவிட வேண்டும் என்றால், எண்ணிப் பார்ப்பதே கடமை.

இல்லத்தில் கருத்துகள் பலவாயின. “உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும், நாம் ஏன் கை வைக்க வேண்டும்?” என்றார் இல்லத்தரசி. நலம் விசாரிக்க வந்த முதிய தண்டல், “தருமரே நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போகமாட்டேன் என்றாரே, ஐயா” என்றார். தருமர் விட்டுவிட்டுப் போக மறுத்தார் என்பது மெய்யே. முற்காலத்தில் நோயுற்ற நாயைச் சாக்கிற் கட்டி மரக்காட்டில் விட்டு வந்தவர்களும் உண்டு. இன்றோ விலங்கைத் துன்புறுத்துவோர்க்கு 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டம் விதிக்கிறது. விட்டுவிட்டு வருவது வேறு. அருகிலிருந்து வழியனுப்புவது வேறு என்றோம். தண்டல் தலையசைத்தார், ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

முதலிற் சிகிச்சை அளிப்பது, அதற்கு ஓர் எல்லை வைப்பது என முடிவு செய்தோம். அவ்வெல்லையை அளக்க மருத்துவர் ஒரு வழி காட்டினார். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வகுத்தது அது. வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாள்களினும் நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். மொத்தம் 70இல் 35க்கு மேலிருப்பின் தொடரலாம். மதிப்பெண் இடுவது நம் தொழிலன்றோ! பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் மாலைதோறும் எழுதி வந்தோம்.

நீர் ஏற்றிய பின் 44. இரண்டு வாரம் மணி கஞ்சி குடித்தது. ஒருநாள் பள்ளி வாயில் வரை நடந்தும் வந்தது. அன்று லயத்துப் பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரம் இன்னும் செவியில் உள்ளது. பின்னர் 38 ஆயிற்று, 31 ஆயிற்று. நடமாட்டத்திற்கு 2 என்று எழுதிவிட்டு, அதை 4 ஆக்கலாமா என்று கை தயங்கிற்று. ஆக்கவில்லை. வாலை மட்டும் அசைத்தபடி தன் சிறுநீரிலேயே அது கிடந்த மாலையில் மொத்தம் 24.

மறுநாள் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வந்து, “ஐயா, மணியைத் தூங்க வைக்கப் போகிறீர்களாமே?” என்றான். அச்சொல்லை நாம் விரும்புவதில்லை. அதைக் கேட்கும் குழந்தை இரவில் கண்மூட அஞ்சாதா?

“தூக்கம் இல்லை, தம்பி. மணி இறந்துவிடும்” என்றோம்.

“வலிக்குமா, ஐயா?”

“ஊசி குத்தும் வலி மட்டும்.”

அவ்வாறே நடந்தது. மருத்துவர் இல்லத்திற்கே வந்தார். முதல் ஊசியில் அது அமைதியுற்றது. அடுத்ததாக மயக்க மருந்தை மிகுந்த அளவில் நரம்பில் ஏற்றினார். முதலில் நினைவு நீங்கும், பின்னரே மூச்சும் இதயமும் நிற்கும் என்று முன்னதாகவே விளக்கியிருந்தார். கண்கள் மூடா என்றும் சொல்லியிருந்தார். அதனைச் சொல்லாதிருந்தால் அஞ்சியிருப்போம். மணியின் தலை நம் மடிமீது இருந்தது.

காட்டுப்பன்றி தோண்டாதிருக்க, ஜாகா இடுப்பளவு ஆழத்திற்குக் குழி வெட்டித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பயன்படுத்தாத நீர்ப் பைகள் மூன்றை மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்தோம். இல்லத்தரசி குழியில் மலர் தூவினார். ஆனால் நம் முடிவை அவர் இன்றளவும் ஒப்பவில்லை. ஒப்பவேண்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை.