கானாவில் போன கரண்ட்

2017 ஜூன் 27. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்கில், கம்ப்யூட்டர் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்துப்போயின. உக்ரைனில் வரிக்கணக்குக்கு உதவும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியே பரவிய நாட்பெட்யா வைரஸ். துறைமுக வாசல்களில் லாரிகள் வரிசைகட்டி நின்றன.

சர்வர்களின் பேக்கப் இருந்தது. ஆனால் யார் எதற்குள் நுழையலாம் என்று முடிவுசெய்யும் டொமைன் கன்ட்ரோலர்கள்? சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கொன்று நகல் என்ற நம்பிக்கை. எல்லாமே இணைப்பில் இருந்ததால் சேர்ந்தே அழிந்தன.

தப்பியது ஒன்றே ஒன்று, கானாவில். வைரஸ் வருவதற்கு முன்பே அங்கே கரண்ட் போயிருந்தது! அதன் ஹார்ட் டிஸ்க்கை ஒருவர் நைஜீரியா வரை சுமந்துபோய் இன்னொருவரிடம் கொடுக்க, அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மீண்டும் நிறுவினார்கள். அந்த ஊழியர்களை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் கடைகளில் "டெய்லி பேக்கப் எடுக்கிறோம் தம்பி" என்பார்கள். பார்த்தால் டிஸ்க் அதே மெஷினில் இரவுபகலாகச் செருகியே இருக்கும், மேலே தூசி படிந்து. வைரஸ் வந்தால் அதுவும் போகும். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

போன வாரம் ஒரு கடையில் இரண்டாவதாக ஒரு டிஸ்க் வாங்கவைத்தேன். நகலெடுத்துக் கழற்றி முதலாளி கையில் கொடுத்தேன்.

"வீட்டு பீரோவுல வைங்கண்ணே. வாராவாரம் கொண்டு வாங்க, கணக்கு திறக்குதான்னு சேர்ந்தே பார்ப்போம்."