வண்டிக்கடியில் பிளாட்டினம்

பிளாட்டினத்தைக் கொண்டுபோகச் சொல்லி, கையில் 200 ரூபாய் கூலியும் கொடுத்தவன் இந்த மாம்பலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். ஜெமினி மேம்பாலம் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கியது. மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தார். "புகைக்குழாயிலே ஒரு டப்பா அடைச்சுக்கிட்டிருக்கு சார். எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்றார். எடுக்கச் சொன்னேன். பறந்ததாகத்தான் எனக்கும் தோன்றியது.

அடுத்த வாரம் அடையாற்றிலிருந்து தங்கை மகன் வந்தான். கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவன். வண்டியைக் கிளப்பியதும் மூக்கைச் சுளித்தான். "என்ன மாமா, வினையூக்கியைக் காணோமா?"

அந்த டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. அதன் கண்ணறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று இரண்டொரு கிராம் பூசியிருக்குமாம். எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்ஸைடு தானாக எரிந்து கரியமில வாயுவாக வேண்டுமானால் 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த உலோகத்தின் மேல் சுமார் 300 டிகிரியிலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

கோயமுத்தூரிலிருந்து மலையாளத்துக்குப் போகிறவன் மலையேறி இறங்கவா செய்கிறான்? பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சேரும் ஊர் அதேதான், வழிதான் தாழ்வு. உலோகத்தின் மேல் ஒட்டும் பிராணவாயு அணு அணுவாகப் பிரிந்து, பக்கத்தில் ஒட்டியிருக்கும் மோனாக்ஸைடுடன் சுலபமாகச் சேர்ந்து கிளம்பிவிடுகிறது. உலோகம் தேய்வதில்லை, அடுத்தவருக்கு இடம் கொடுத்துக்கொண்டு அப்படியே இருக்கிறது. 'ஊக்கி' என்ற பெயரில் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. அது யாரையும் ஊக்குவதில்லையே, கணவாயைத்தானே காட்டுகிறது!

ஈயம் படிந்தால் அந்தக் கணவாய் அடைபட்டுவிடும். ஆகவே 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியபோது, ஈயமில்லாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவந்தார்கள். 2000-ல் நாடு முழுவதுமே பெட்ரோலிலிருந்து ஈயத்தை விலக்கினார்கள். டப்பாவைக் காப்பாற்றப் போய்க் குழந்தைகளின் மூளைக்கும் நன்மை வந்தது.

மறுநாள் பனகல் பூங்கா சிக்னலில் நின்றேன். என் புகைக்குழாய்க்கு நாலடி தள்ளி மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் மூக்குக்குத் தெரிந்தது எரியாத பெட்ரோல்தான். மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. சிக்னல் விழ நெடுநேரம் ஆயிற்று.

நேரே மெக்கானிக்கிடம் போனேன்.

"அந்த டப்பா எங்கே?"

"அது அப்பவே விலைக்குப் போயிடுச்சு, சார்" என்றார் பணிவாக.

புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டவும் 200 ரூபாய்தான் கேட்டார். மேம்பாலத்தில் மூச்சு வாங்கியதற்குக் காரணம் ஏர் பில்டரில் அடைந்திருந்த தூசி. அதைத் தட்டிவிட்டதற்கு மட்டும் அவர் கூலி வாங்கவில்லை.