பத்துப் பேர் பில்டர்

திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டுச் சமையலறைப் பரணில் பெரிய பித்தளை பில்டர் ஒன்று இருக்கிறது. ஒரே தடவையில் பத்து டம்ளர் காப்பிக்கு டிகாக்‌ஷன் இறக்கும். வீட்டுக்கார அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. மாமனார், மாமியார், கொழுந்தனார், பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருந்த காலத்தில், ராத்திரி பாத்திரம் ஒழித்த கையோடு அந்த பில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுத்தான் படுக்கப் போவார். இப்போது அந்த வீட்டுக்குக் காலையில் ஒரு டம்ளர் காப்பி போதும்.

அந்த ஒரு டம்ளருக்குத்தான் பெரிய பில்டர் இசையவில்லை. இரண்டு கரண்டி தூள் போட்டு வெந்நீர் ஊற்றினால் மளமளவென்று இறங்கிவிடுகிறது. கீழ்ப் பாத்திரத்தில் நிற்பது டிகாக்‌ஷன் அல்ல, சாயத் தண்ணீர். காரணம் டீச்சருக்கு உடனே பிடிபட்டது. அகலமான அடித்தட்டில் கொஞ்சத் தூள் மெல்லிசாகப் பரவிக் கிடக்கிறது. தண்ணீர் அதைக் கடந்துபோக நேரமே ஆவதில்லை. தூள் நல்ல கனத்துக்குப் படிந்திருந்தால்தான் ஒவ்வொரு சொட்டும் நின்று நிதானித்து, சாரத்தை வாங்கிக்கொண்டு கள்ளிச்சொட்டாக விழும். பத்துப் பேருக்காகச் செய்த பாத்திரம் பத்துப் பேரைத்தான் கேட்கும்.

விஷயம் போனில் பிள்ளைகளுக்குப் போயிற்று. அடுத்த சில மாதங்களில் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஒரு பிரெஞ்ச் பிரஸ் அனுப்பினாள். பெங்களூரிலிருந்து வந்த மகன் பீங்கான் கூம்பு ஒன்றையும் காகித வடிகட்டிக் கட்டு ஒன்றையும் மேஜைமேல் வைத்தான். வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய தம்பி, எட்டுப் பட்டை கொண்ட அலுமினியக் கெண்டி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றையும் பழகிப் பார்க்காமல் ஒதுக்குவது டீச்சரின் சுபாவமல்ல.

முதலில் பிரெஞ்ச் பிரஸ். கண்ணாடிக் குவளையில் தூளைப் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, நான்கு நிமிஷம் ஊறவிட்டு, கம்பிவலைத் தட்டை மெல்ல அழுத்த வேண்டும். இத்தாலியரான அட்டிலியோ கலிமானி 1929-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். டீச்சர் போட்ட முதல் குவளையில் பாதிக்குக் கீழே சேறு. பில்டருக்கென்று சன்னமாக அரைத்த தூளையே இதிலும் போட்டதுதான் தப்பு. “ரவை பதத்துக்கு இருக்கணும்மா, சிக்கரியும் வேண்டாம்” என்றாள் மகள். கடையில் சொல்லி அப்படி அரைத்து வாங்கிய பிறகு, கொட்டையின் எண்ணெய்ப் பசை நாக்கில் தங்கும் கனமான கறுப்புக் காப்பி கிடைத்தது. பாத்திரத்தை மாற்றினால் தூளின் பதத்தையும் மாற்றியாக வேண்டும். தூள் எவ்வளவு நேரம் தண்ணீரோடு இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கொரகொரப்பாக இருக்கலாம். நேரம் குறையக் குறைய சன்னமாக வேண்டும்.

அந்த எண்ணெய்ப் பசையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நார்வேயின் டிரோம்சோ நகரத்து மக்களிடம் நடந்த இதய ஆய்வு, காப்பி அதிகம் குடிப்பவர்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்ததை 1983-இல் வெளியிட்டது. அந்தப் பக்கத்து வழக்கம் தூளைத் தண்ணீரோடு கொதிக்கவிட்டுத் தெளிந்ததைக் குடிப்பது. பின்னால் வந்த ஆய்வுகள் காரணப் பொருளைக் கண்டுபிடித்தன: காப்பி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால். கம்பிவலை அதைத் தடுப்பதில்லை. காகிதம் பெருமளவு பிடித்துவைத்துக்கொள்கிறது. டீச்சருக்குக் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை உண்டு. பிரஸ் தினப்படிக்கு ஆகாது என்று அவரே முடிவு செய்தார்.

காகிதத்துக்கு ஒரு வீட்டுக்காரியின் கதை இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸுக்குக் காப்பியின் அடிமண்டியும் கசப்பும் பொறுக்கவில்லை. பித்தளைப் பாத்திரம் ஒன்றின் அடியில் துளைகள் போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை உறிஞ்சும் தாளை எடுத்து உள்ளே விரித்து, தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். 1908-இல் அதைப் பதிவு செய்து, அதே வருஷம் 73 பிஃபென்னிக் முதலீட்டில் கம்பெனியும் தொடங்கினார். பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் 1941-இல் நியூயார்க்கில் உருவாக்கிய கெமெக்ஸ் ஜாடிக்கும் அடிப்படை காகிதம்தான்: ஆய்வுக்கூடத்துக் கூம்புக் குடுவைமேல் ஒரு புனலைப் பொருத்தினால் எப்படியோ அப்படியே இருக்கும். அதன் படத்தைப் பார்த்ததும் டீச்சருக்குத் தன் பள்ளி ஆய்வுக்கூட அலமாரி ஞாபகம் வந்தது.

மகன் கொண்டுவந்த கூம்பு ஜப்பானின் ஹாரியோ நிறுவனம் செய்வது. சுவர்கள் 60 பாகைக் கோணத்தில் சாய்ந்திருப்பதால் அதற்கு வி60 என்று பெயர். 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணீர். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். புதிதாக வறுத்த தூளாக இருந்தால் உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறி, ஆப்பமாவு போலக் குமிழியிட்டு உப்பும். அதன்பின் வெந்நீரை வட்டமாகச் சிறுகச் சிறுக ஊற்றினால் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். கீழே சேர்வது தேயிலைச் சாறுபோலத் தெளிவாக இருக்கும். ஏற்காட்டுத் தோட்டத்து அரபிகா தூளை அதில் போட்டுக் குடித்தபோது, அதற்குள் எலுமிச்சை வாசனை ஒன்று இருந்ததை டீச்சர் முதல்முறையாகக் கவனித்தார்.

ஆசையாகப் பாலை ஊற்றினார். காப்பி காணாமல் போய்விட்டது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950-களில் வகுத்த கணக்கு இதை விளக்கும். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் தண்ணீரில் கரைந்து வந்தால் சுவை சரியாக இருக்கும். குறைந்தால் புளிப்பு, கூடினால் கசப்பு. அப்படி வடித்த கறுப்புக் காப்பியில் நூறு பங்குக்கு ஏறக்குறைய ஒன்றேகால் பங்குதான் கரைந்த காப்பி, மிச்சமெல்லாம் தண்ணீர். அதன் தலையில் அரை டம்ளர் பாலைக் கொட்டினால் அது என்ன செய்யும்? நம் டிகாக்‌ஷன் தொடக்கத்திலிருந்தே பாலுக்கென்று பிறந்தது. கொஞ்சத் தண்ணீரில் நிறையத் தூள், பாலைத் தாங்கும் ரோபஸ்டா, நிறமும் கனமும் கொடுக்கச் சிக்கரி.

பில்டரின் குடும்பமும் பெரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் பேராயர் தெ பெல்வாவின் பெயரால் வழங்கிய இரட்டை அடுக்குப் பாத்திரத்திலும் துளையிட்ட மேலடுக்கு உண்டு, சொட்டுச் சொட்டாக இறங்குவது உண்டு. கெட்டிப்பாலோடு குடிக்கும் வியட்நாமியரின் ஃபின், நம் பில்டருக்குள் இருக்கும் காம்பு வைத்த தட்டையும் சேர்த்து, கூடப் பிறந்ததுபோலவே இருக்கிறது.

தம்பி கொடுத்த கெண்டி அல்ஃபோன்சோ பியலெட்டி 1933-இல் வட இத்தாலியில் கொண்டுவந்த மோக்கா. சோப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாய் வழியே மேலே தள்ளும் துணி வெளுக்கும் அண்டாவைப் பார்த்து அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அடியில் தண்ணீர், நடுவில் தூள். நீராவியின் அழுத்தம் வெந்நீரைத் தூள் வழியே மேலேற்றும். அல்ஃபோன்சோவின் மகன் ரெனாட்டோ அதை உலகெங்கும் பரப்பினார். 2016-இல் அவர் இறந்தபோது, அஸ்தியை மோக்கா வடிவப் பாத்திரத்திலேயே வைத்துச் சடங்கு நடந்தது. இதில் தூளை அழுத்தி அடைக்கக் கூடாது. அடுப்பைச் சின்னதாக வைக்க வேண்டும். மேலே வரும் காப்பி வெளுத்துச் சீறத் தொடங்கியதுமே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகல் கசப்பு. கவனமாகப் போட்டால் சில நிமிஷத்தில் பாலைத் தாங்கும் கறுத்த காப்பி தயார். “இது நம்ம டிகாக்‌ஷனுக்குச் சித்தி மகள்தான்டா” என்று டீச்சர் தம்பியிடம் சொன்னார்.

ஆறு மாதம் போட்டுப் பார்த்தபின் அந்த வீட்டில் ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. கடைத்தெருவில் இரண்டு பேருக்கான சின்ன எவர்சில்வர் பில்டர் ஒன்றை வாங்கினார். அதன் குறுகிய அடியில் இரண்டு கரண்டி தூளே கனமாகப் படிகிறது. காலைப் பால் காப்பி அதில். மாலை நான்கு மணிக்குக் கூம்பில் காகிதம் விரித்துக் கறுப்புக் காப்பி, சர்க்கரை இல்லாமல். யாராவது திடீரென்று வந்து நின்றால் மோக்கா. பிரஸ் மகள் வரும்போது மட்டும் வெளியே வருகிறது.

தைப் பொங்கலுக்கு எல்லோரும் வந்தார்கள். போகிக்கு முதல் நாள் ராத்திரி பித்தளை பில்டர் பரணிலிருந்து இறங்கியது. புளி போட்டுத் துலக்கி, அடுப்பு ஜுவாலையில் மேலடுக்கைக் காட்டித் துளைகளின் அடைப்பை நீக்கி, எட்டு கரண்டி தூளைத் தட்டிச் சமன் செய்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மூடினார். கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. டீச்சர் படுக்கப் போகாமல் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று, மேலடுக்கை ஒரு கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சொட்டுச் சொட்டாக, மெதுவாக, இறங்கிக்கொண்டிருந்தது.