குழம்பு மணக்கும் குவாதலூப்

இரயில்வே குமாஸ்தா ஒருவனுக்கும் கரீபியக் கடல் தீவு ஒன்றுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். அத்தொடர்பை உண்டாக்கியது நட்பு. புதுச்சேரியில் என்னுடன் பத்தாம் வகுப்புவரை பயின்ற தோழர் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸ் நகருக்கு அருகில் வாழ்கிறார். நண்பர்கள் ஒன்றுகூடி ஒரு விடுமுறையைக் கழிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கரக்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸில் வசிக்கும் இரு நண்பர்களும் நானும் ஆறு ஆண்டுகள் மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கினோம். பின்னர் இலாகாவின் அனுமதி பெற்று, சென்ற பிப்ரவரியில் புறப்பட்டோம். குடும்பத்தாரின்றி நண்பர்கள் மட்டும் சென்ற முதல் விடுமுறை அதுவே.

குவாதலூப், பிரான்சு தேசத்தின் கடல்கடந்த மாவட்டம். 1946ஆம் ஆண்டு முதல் அதற்கு அந்நிலை உண்டு. நாணயம் யூரோ, அலுவலக மொழி பிரெஞ்சு, வீட்டிலும் வீதியிலும் பேசுவது கிரியோல். பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டதாயினும், பாரிசுக்குச் செல்லும் விசா மட்டும் இத்தீவுக்குப் போதாது. கடல்கடந்த மாவட்டத்திற்கெனத் தனியே கேட்டுப் பெற வேண்டும். செல்ல விரும்புவோர் இதனை நினைவிற் கொள்க.

பாரிசிலிருந்து அட்லாண்டிக் கடலின்மேல் எட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து, புவாந்தபித்ர் நகரில் இறங்கினோம். நம் நாட்டுக் கடிகாரத்தைவிட அங்குள்ள கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. நாங்கள் காலைச் சிற்றுண்டி உண்ட வேளையில் கரக்பூரில் எங்கள் பிள்ளைகள் மாலை விளையாட்டு முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தனர்.

வானிலிருந்து நோக்கினால் இத்தீவு சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப் போல் தோன்றும். உண்மையில் இவை இரண்டு தீவுகள். இடையே ஒடுங்கிய கடற்கால்வாய் ஒன்று ஓடுகிறது. கிழக்குச் சிறகு சுண்ணாம்புக்கல்லால் ஆன சமவெளி. மேற்குச் சிறகு எரிமலையும் அடர்காடும் நிறைந்தது. சமவெளியின் பெயர் கிராந்த்தெர், அதாவது பெருநிலம். மலைநாட்டின் பெயர் பாஸ்தெர், அதாவது தாழ்நிலம். பெருநிலமோ பரப்பில் சிறியது. தாழ்நிலமோ வானளாவ நிற்கிறது! இவ்விந்தை குறித்து நண்பர்கள் நகைத்தபோது புதுச்சேரி நண்பர் விளக்கம் தந்தார்: கப்பலோட்டிகள் காற்று வீசும் திசைக்கு மறைவான பக்கத்தைத் 'தாழ்ந்த' பக்கம் என்பராம். பெயர் வைத்தவர்கள் மாலுமிகள். நிலத்தை அளந்தவர்கள் அல்லர்.

முதல் இரு நாட்கள் கடலுக்கே உரியவாயின. சேந்தான் என்னும் ஊரின் கடற்கரையில் பவளத்திட்டுகள் அலையைத் தடுத்து நிறுத்துகின்றன. நீர் குளத்தைப் போல் அமைதியாக இருக்கிறது. எங்களில் நீந்த அறியாதவரும் மார்பளவு நீரில் மணிக்கணக்காக நின்றார். மூன்றாம் நாள் சூஃப்ரியேர் எரிமலையின்மேல் ஏறினோம். உயரம் 1,467 மீட்டர். அடிவாரத்தில் வெந்நீர் நிறைந்த தொட்டி ஒன்று உண்டு. மேலே செல்லச் செல்லப் பனிமூட்டமும் கந்தக நெடியும் சூழ்கின்றன. 1976ஆம் ஆண்டு இம்மலை சீறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். மாதக்கணக்கில் அவர்கள் ஊர் திரும்பவில்லை.

இரயில்வே ஊழியர் மூவரும் அங்கே தேடியது வேறொன்று. இத்தீவில் பயணிகள் இரயில் இல்லை. ஆயினும் ஒருகாலத்தில் கரும்பாலைகளுக்குக் கரும்பு சுமந்த குறுகிய இருப்புப்பாதைகள் இருந்தன. பிற்காலத்தில் லாரிகள் அவ்வேலையை ஏற்றன. அந்தக் கரும்புதான் நம்மவரையும் இங்குக் கொண்டு சேர்த்தது.

அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். 1848ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியேற்றநாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்களிற் பலர் தோட்டங்களைத் துறந்தனர். ஆலை முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினர். 1854ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் 'ஒரெலி' என்னும் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட இந்தியருடன் புவாந்தபித்ர் துறையை அடைந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றிய துறைகள். 1861ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் செய்த ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் திரட்டலாயிற்று. 1889 வரையில் வந்தோர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர்; அவர்களுள் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. அதன்பின் ஊர் திரும்பினோர் சிலர். மண்ணுக்கு இரையானோர் பலர். எஞ்சினோர் அங்கேயே வேரூன்றினர்.

வேரூன்றியும் உரிமை எளிதில் கிட்டவில்லை. அம்மண்ணிலேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1863இல் அத்தீவில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904ஆம் ஆண்டு வழக்காடத் தொடங்கி, 1923 வரை தளராது போராடி, அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடிமக்களின் உரிமையைப் பெற்றுத் தந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அலுவலக வாயிலில் நின்று பழகிய நம்மவர்க்கு, பத்தொன்பது ஆண்டு நின்றவரின் பொறுமை எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அத்தீவில் நம்மவர் விட்ட சுவடுகளை முதலில் காட்டுவது நாக்கு. எந்த உணவுச்சாலைக்குச் சென்றாலும் 'கொலொம்போ' என்று ஒரு பண்டம் உண்டு. மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு ஆகியவற்றை அரைத்த பொடியில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகும். இச்சொல் நம் 'குழம்பு' என்பதன் திரிபே என்பர் பலர். கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உளர். முதற்கவளம் வாய்க்குள் சென்றதும் நாங்கள் குழம்புக் கட்சியில் சேர்ந்துவிட்டோம். சந்தையில் பாவற்காயைப் 'பரோக்கா' என்கின்றனர். பெண்டிர் விழாக்காலத்தில் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்குப் பெயர் 'மத்ராஸ்'. இதனை அணிவோர் இந்திய வம்சத்தார் மட்டுமல்லர். தீவார் அனைவர்க்கும் அது பொது உடை. நம் ஊர்த் துணி ஒரு நாட்டின் அடையாளமாகிவிட்டது.

பெயர்களும் அவ்வாறே. கடைப்பலகைகளில் ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் என்னும் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் கண்டோம். கப்பலிலிருந்து இறங்கியவர் வாயால் சொன்ன பெயரை, தமிழ் அறியாத குமாஸ்தா தன் செவியில் பட்டவாறு பதிவேட்டில் எழுதினார். அது குடும்பப் பெயராகித் தலைமுறைகளுக்கு நிலைத்தது. நாள்தோறும் பிறர் பெயரை எழுதிப் பிழைக்கும் எனக்கு, ஒரு குமாஸ்தாவின் பேனாவுக்கு இத்துணை வலிமை உண்டோ என்று வியப்பு மேலிட்டது.

பாஸ்தெர்ப் பகுதியில் கபெஸ்தெர் என்னும் ஊரை அடுத்துச் சாங்கி என்னும் இடத்தில், வாழைத்தோட்டங்களின் நடுவே வண்ணச் சிலைகளுடன் மாரியம்மன் கோயில் விளங்குகிறது. அம்மனை 'மாலியெமென்' என்றும் மதுரைவீரனை 'மல்தெவிலென்' என்றும் அழைக்கின்றனர். பூசைக்கு முழங்கும் பறையின் பெயர் 'தப்பு'. அச்சொல் மாத்திரம் சிதையாமல் வந்துள்ளது.

அவ்வூரில் பூசை செய்யும் முதியவர் ஒருவரைப் புதுச்சேரி நண்பர் எங்களுக்கு அறிமுகம் செய்தார். தமிழில் உரையாட அவருக்குத் தெரியாது. ஆனால் அம்மனுக்கு முன் பாடும் தமிழ் அடிகளைத் தந்தையிடம் கேட்டு மனப்பாடம் செய்தவர். எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கிச் சிலவற்றைச் சொன்னார். உச்சரிப்பு மாறியிருந்தது. எனினும் 'தாயே' என்றும் 'பிள்ளை' என்றும் 'காப்பாத்து' என்றும் சொற்கள் எனக்குத் தெளிவாக எட்டின. நான் பொருள் கூற, நண்பர் பிரெஞ்சில் எடுத்துரைத்தார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு கூறியதை நண்பர் தமிழில் சொன்னார்: "தாயை அழைக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் என்ன கேட்கிறோம் என்பது இன்றுதான் தெரிந்தது."

தம் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு அவர் வேண்டினார். எழுதித் தந்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் மேல் என்று கேட்டார். சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அன்றிரவு எங்களுக்குள் வாதம் எழுந்தது. நண்பர்களில் ஒருவர், "குழம்பும் கோயிலும் பெயரும் நிலைத்தனவே, மொழி போனால் என்ன குறை?" என்றார். அவர் கரக்பூரிலேயே பிறந்தவர். அவர் கேள்வியில் நியாயமும் உண்டு. அத்தீவு மக்கள் மொழியை இழந்தும் மானத்தை இழக்கவில்லை. இந்திய வம்சத்தார் மேயர்களாகவும் எழுத்தாளர்களாகவும் உயர்ந்திருக்கின்றனர். ஆயினும் அப்பெரியவரின் மௌனமே அக்கேள்விக்கு விடை என்று எனக்குத் தோன்றியது. கேட்பது இன்னதென்று அறியாமல் ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார் அல்லவா?

அவர்களைக் குறை கூறுதல் தகாது. அவர்களுக்குத் தமிழ்ப் பள்ளி இல்லை. தமிழ் நூல் இல்லை. கடிதம் எழுதினால் சேருமோ என்னும் உறுதி இல்லை. ஊருக்கும் அவர்களுக்கும் இடையே இரு பெருங்கடல்கள் கிடந்தன. நமக்கும் ஊருக்கும் இடையே கிடப்பது ஓர் இரவும் ஒரு பகலும் ஓடும் இரயில். இலாகாவில் பணிபுரிவோர்க்கு அதற்குப் பாஸும் உண்டு. சங்கத்தில் வாசகசாலையும், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் சகோதரிகளும் உண்டு. நம் பேரர்கள் தம் பெயர் எழுதிய தாளில் எந்தப் பக்கம் மேல் என்று கேட்பாராயின், அவர்களுக்கு நாம் கூறக்கூடிய காரணம் எது?

குவாதலூப் செல்ல விரும்பும் அன்பர்கள் டிசம்பர் முதல் மே வரையில் செல்க. ஜூன் முதல் நவம்பர் வரை புயற்பருவம். 1989ஆம் ஆண்டின் 'ஹ்யூகோ' புயலை அங்குள்ளோர் இன்னும் மறக்கவில்லை. பிரெஞ்சு அறிந்த துணைவர் ஒருவர் தேவை. கையோடு எளிய தமிழ் அரிச்சுவடிகள் சிலவும் எடுத்துச் செல்க. வாங்கிக்கொள்வார் அங்கே உளர்.