லைன் இல்லை என்றாள் மகள்

என் மகள் பொய் சொல்கிறாள் என்றேன். 2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த சமயம். “லைன் இல்லைப்பா, நான் பதில் சொன்னா டீச்சருக்குக் கேக்கலையாம்” என்று அவள் வந்து நிற்கும்போதெல்லாம், பாடத்திலிருந்து நழுவப் பார்க்கிறாள் என்றே முடிவு கட்டினேன். மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. அவள் அம்மா முன்னால், தம்பி முன்னால் வாய்விட்டே சொன்னேன்.

விவரம் தெரியாத ஒருவர் அப்படிச் சொன்னால் மன்னிக்கலாம். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஃப்ரீ டிரேட் ஸோனில் வாக்கிடாக்கி சோதிப்பது என் வேலை. அலை எவ்வளவு பலத்தோடு வந்து சேர்கிறது என்று அளந்துதான் சம்பளம் வாங்குகிறேன். என் மகளின் அறையில் அதை நான் அளக்கவே இல்லை.

எங்களுடையது இரண்டு மாடி வரிசை வீடு. ஃபைபர் கம்பி கீழே ஹாலில் இறங்கியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் மோடத்தை மாடி முன்னறைக்கு, என் மேசைக்குக் கொண்டுபோனது நான்தான். அவள் அறை பின்பக்கம், சமையலறைக்கு மேலே. இடையில் இரண்டு செங்கல் சுவர், ஓடு பதித்த குளியலறை, தண்ணீர்க் குழாய்கள், வாசலை ஒட்டி ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம்; அலையைத் திருப்பியடித்துவிடும். செங்கல்லும் தண்ணீரும் விழுங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐ விட வேகம் தரும், ஆனால் சுவரில் அதிகம் தேயும். இத்தனையும் தெரிந்தவன்தான் மோடத்தை அங்கே வைத்தேன்.

அவள் விடாமல் சொன்னதால் பெரிய ஆண்டெனாக்கள் கொண்ட, விலை கூடிய ரவுட்டர் ஒன்று வாங்கி அதே மேசையில் வைத்தேன். அவள் கைப்பேசியில் கோடுகள் நிறைந்தன. குரல் மட்டும் அப்போதும் போகவில்லை. “இத்தனை கோடு காட்டுது, இன்னும் என்ன லைன் இல்லை?” என்று முன்னைவிடக் கடுமையாகக் கேட்டேன். கோடு காட்டுவது, ரவுட்டர் பேசுவது கைப்பேசிக்கு எட்டுகிறது என்பதைத்தான். கைப்பேசி பேசுவது ரவுட்டருக்கு எட்டுகிறதா என்பது அதில் தெரியாது. கையடக்கக் கருவியின் சக்தி எப்போதும் குறைவு. அதன் குரல் திரும்பி வருகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்பது வாக்கிடாக்கி வேலையில் பாலபாடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

அந்த ஆண்டு ஜூனில் சபா மாநிலத்தின் பித்தாஸில், லைன் கிடைப்பதற்காக ஒரு பல்கலைக்கழக மாணவி மரத்தில் ஏறி இருந்து தேர்வு எழுதிய காணொளி நாடு முழுக்கப் பரவியது. பார்த்து உருகினேன். செப்டம்பரில் ஒரு துணையமைச்சர் அந்தப் பெண்ணுக்குத் தேர்வே இல்லை என்று மேலவையில் சொன்னபோது கொதித்தேன். தேர்வு நடந்தது உண்மை என்று பல்கலைக்கழகம் சொன்னதும் நிம்மதியானேன். என் வீட்டுப் பின்னறையில் ஒரு பிள்ளையை நானும் அந்தத் துணையமைச்சரைப் போலத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் அறை ஏர்கோன் பழுதாகி, அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஃபேக்டரி மீட்டிங்கில் பேசினேன். “நீங்க பேசறது கேக்கல” என்றார்கள். அப்போதுதான் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் அறையிலிருந்து கைப்பேசியின் அலை மைனஸ் 47 டிபிஎம் பலத்தில் வந்து சேர்ந்தது. அதே கைப்பேசி அவள் மேசையிலிருந்து மைனஸ் 83. பத்து டெசிபல் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகும். இங்கே 36 டெசிபல் குறைந்திருந்தது. எனக்குக் கிடைத்ததில் கிட்டத்தட்ட நாலாயிரத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அவள் படித்திருக்கிறாள்.

சரிசெய்வது பெரிய காரியமாக இல்லை. ரவுட்டரை மாடிப்படித் திருப்பத்தில், வீட்டின் நடுவே உயரமாக மாட்டினேன். அங்கிருந்து ஒரு லேன் வயரை இழுத்து அவள் அறையில் அக்சஸ் பாயிண்ட் வைத்தேன். அந்த வயர் நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். வீட்டில் அதற்கு அவ்வளவு தூரமே இல்லை. வயர் இழுக்க வழியில்லாதவர்கள் ரிப்பீட்டர் வைக்கலாம். லைன் செத்த இடத்தில் வைத்துப் பயனில்லை. நல்ல லைன் இன்னும் எட்டுகிற பாதி வழியில் வைக்க வேண்டும்.

யார் முன்னால் அவளைக் குறை சொன்னேனோ அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். கேட்காமல் போன பாடங்களை அவள் பிறகு தனியாக உட்கார்ந்து படித்தாள். அந்த நேரத்தை என்னால் திருப்பித் தர முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை லைன் இல்லை என்று சொன்னால், திட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வீடியோ காலில் பேசிப் பாருங்கள்.