கால் பங்கு வெற்றி

ஹைதராபாதில் ஒரு பல்கலைக்கழக விடுதியின் மூன்றாம் தளத்தில், ஞாயிறு பிற்பகல்களில் தமிழ் பேசும் ஆய்வு மாணவர் மூவர் சீட்டாடுவது வழக்கம். காசு கிடையாது, புளியங்கொட்டைகள்தாம். ஆடுவது ரம்மியன்று, ஒமாஹா ஹை-லோ என்னும் போக்கர் வகை. அதை அங்கே கொண்டுவந்தவர் மூவரிலும் இளையவர். ஏன் கொண்டுவந்தார் என்பது மற்ற இருவருக்கும் சில வாரங்கள் கழித்தே தெரிந்தது.

தேங்கிக் கிடந்த ஐந்து மாத உதவித்தொகை, மாதம் 37,000 ரூபாய் வீதம், ஒருநாள் மொத்தமாக அவர் கணக்கில் விழுந்தது. மூன்று வாரங்களில் அதன் பெரும்பகுதி ஒரு செயலியில் கரைந்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியபோது, இழப்பதற்கு அவரிடம் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. அதில் ஒரு பகுதி அக்காவிடம் பெற்ற கடனுக்குத் திருப்ப வேண்டியது. அக்காவுக்கு இன்னும் தெரியாது. ஆனால் இழப்பைவிட ஒரு புதிரே அவரை அதிகம் உறுத்தியது.

"தோத்ததைவிட ஜெயிச்ச ஆட்டந்தாண்ணே அதிகம். காசு மட்டும் எப்படிப் போச்சு?"

மூத்தவர் புள்ளியியல் படித்தவர். அவர் பதில் சொல்லாமல் சீட்டுகளைப் பிரித்தார்.

இந்த ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு சீட்டு. மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகள் வரும். முதலில் மூன்று, பின்னர் ஒவ்வொன்றாக இரண்டு. கையிலிருந்து சரியாக இரண்டும் மேசையிலிருந்து மூன்றும் சேர்த்தே ஒரு கை அமைக்கவேண்டும். சேர்ந்த பந்தயத் தொகையில் பாதி உயர்ந்த கைக்கு. மறுபாதி, எட்டுக்கு மேற்படாத ஐந்து வெவ்வேறு எண்களால் ஆன மிகத் தாழ்ந்த கைக்கு. அங்கே ஏஸின் மதிப்பு ஒன்று. அத்தகைய தாழ்ந்த கை எவருக்கும் அமையாவிட்டால் முழுத்தொகையும் உயர்ந்த கைக்கே போய்ச்சேரும். ஒருவரே இரண்டையும் வெல்லலாம். ஆட்டத்தின் இலாபமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இளையவருக்குப் பிடித்த கையையே மூத்தவர் எடுத்துவைத்தார்: ஏஸ், 2, 9, ராஜா, நான்கும் வேறு வேறு இனம். மேசையில் 5, 7, ராணி. தாழ்ந்த கை நிறைய இன்னும் ஒரு 3, 4, 6 அல்லது 8 வேண்டும். கண்ணுக்குத் தெரியாத 45 சீட்டுகளில் அவை 16. வரவிருக்கும் இரண்டில் ஒன்றாவது அப்படி அமைய நூற்றுக்கு 59 வாய்ப்பு. இந்த 59ஐக் கண்டுதான் இளையவர் ஒவ்வொரு முறையும் துணிந்து பணம் போட்டிருக்கிறார்.

அந்த 59 வெல்வது பாதித் தொகையை மட்டுமே. ஆகவே அதன் உண்மை மதிப்பு ஏறத்தாழ 30. மூவர் ஆடும்போது, இனிமேல் விழும் பணத்தில் ஒவ்வொருவரும் போடுவது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33. போடுவதைவிடத் திரும்புவது குறைவு. மேசையில் முன்பே பெருந்தொகை சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். நால்வர் ஐவர் இருந்தாலும் மாறும். ஆனால் ஆள் கூடக்கூட, இன்னொருவர் கையிலும் ஏஸும் 2ம் இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இருந்துவிட்டால் அந்தப் பாதியும் பாதியாகும். மூவர் தலைக்கு 100 போட்ட 300இல் கால் பங்கு 75. செயலியின் திரை அதையும் வெற்றி என்றே காட்டும். அரை, கால், அரைக்கால் என்று எண்ணிப் பழகிய ஒரு மொழியில் வளர்ந்தவர், போட்டது 100, வந்தது 75 என்பதை அந்தப் பச்சை எழுத்துகளுக்கு அப்பால் பார்க்கவில்லை.

"அப்ப உசந்த கைக்குக் காத்திருந்தா?" என்றார் இளையவர்.

அதுவும் எளிதன்று. கையில் ஹார்ட்டின் ஏஸும் 10ம் இருக்க, மேசையில் ஹார்ட்டின் 5, கிளாவர் 7, ஹார்ட்டின் ராணி என்று கொள்வோம். இன்னொரு ஹார்ட்டின் வந்தால் ஃபிளஷ்; மிச்சம் ஒன்பது. சாதாரணப் போக்கரில் அந்த ஒன்பதையும் ஏறக்குறைய ஒரே மதிப்பில் எண்ணலாம். இங்கே 2, 3, 4, 6, 8 ஆகிய ஐந்தும் ஃபிளஷைத் தரும்போதே வேறொருவரின் தாழ்ந்த கையையும் நிறைத்துவிடக்கூடும். 7 வந்தால் மேசையில் ஜோடி விழுந்து, ஃபிளஷை மிஞ்சும் ஃபுல் ஹவுஸுக்கு வழி திறக்கும். கலப்பில்லாமல் எஞ்சுபவை 9, ஜாக்கி, ராஜா மூன்றே. எத்தனை சீட்டு உதவும் என்பதோடு ஒவ்வொன்றும் எத்தனை பங்கு தரும் என்பதையும் எண்ணாதவர் இதை ஆடாமலிருப்பதே நல்லது.

காத்திருக்கத் தகுந்த கை இரு பக்கமும் பார்ப்பது: ஏஸ், 2 இரண்டுடன் ஒரு 3, அதோடு ஏஸின் இனத்தில் இன்னொரு சீட்டு. மேசையில் 2 விழுந்து கையிலுள்ள 2 வீணானாலும் ஏஸும் 3ம் தாங்கிக்கொள்ளும். ஃபிளஷும் கைகூடினால் மொத்தமும் வரும். இத்தகைய கை அடிக்கடி வராது. வராதபோது சீட்டைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பது இளையவருக்கு இயலாத காரியமாக இருந்தது. மூத்தவரின் பாடத்தில் கணக்கைவிட அதுவே கடினமான பகுதி.

அன்று மாலை உண்மையாகவே அவருக்கு ஏஸ், 2, 9, ராஜா வந்தன. மேசையில் 4, 8, ஜாக்கி. மூத்தவர் இருபது கொட்டைகளை முன்னே தள்ளினார், மற்றவரும் சேர்ந்தார். இளையவர் நெடுநேரம் யோசித்துச் சீட்டுகளைக் கவிழ்த்தார்.

ஆட்டம் அடுத்த சீட்டு வருமுன்னே முடிந்தது, மற்றவரும் விலகிவிட்டார்.

"அண்ணே, அடுத்து என்ன வந்திருக்கும்னு மட்டும் ஒருதரம் பாக்கட்டுமா?"

மூத்தவர் அதற்குள் கட்டைக் கலைக்கத் தொடங்கியிருந்தார்.